சாயல்குடிப் பக்கம் பனங்காட்டைத் தாண்டியதும் என் ட்ரோனில் வீடியோ நின்றுவிடுகிறது. பெட்டியில் 8 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. ட்ரோன் கோளாறா?

ட்ரோனில் கோளாறு இல்லை, நீங்கள் நிற்கிற இடம்தான் சரியில்லை. அந்த 8 கிலோமீட்டர், குறுக்கே எதுவுமே இல்லாத வெட்டவெளிக்கு. வாலிநோக்கம் உப்பளத்தில் நின்று பறக்கவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ரிமோட் பேசுவது 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸில். அலைநீளம் முறையே 12.5 செ.மீ., 5 செ.மீ. சொச்சம். ஓலையும் மட்டையும் அலையைச் சிதறடிக்கும், இலையில் இருக்கிற ஈரம் மிச்சத்தைக் குடித்துவிடும். மழை விட்ட கையோடு இன்னும் மோசம். 5.8-க்கு அடி அதிகம் என்பதால், மரம் இருந்தால் செட்டிங்கை ஆட்டோ மோடில் விடாமல் 2.4-ஐ நீங்களே போட்டுவிடுங்கள்.

ஆனால் எல்லா மரமும் ஒன்றில்லை. பனங்காட்டுக்குள் கீழே வெறும் மரத்தண்டு, மேலேதான் கொண்டை. உள்ளே நின்று தாழப் பறக்கவிட்டால் இடுக்கு வழியாகப் படம் ஓரளவு வரும். மேலே ஏற்றினால் கொண்டை மறித்துக்கொள்ளும். சீமைக்கருவேல் இதற்கு நேர்மாறு: குட்டை, ஆனால் அடர்த்தி. ட்ரோன் தாழப் போனால் அலை புதருக்குள்ளேயே நெடுந்தூரம் நுழைந்து வர வேண்டும்; உயர்த்தினால் தப்பிக்கும். தென்னந்தோப்பில், காற்றில் ஓலை ஆட ஆட சிக்னல் ஏறி இறங்கும். உச்சிப்புளிப் பக்கம் ஆடிக் காற்றில் படம் விட்டு விட்டுத்தான் வரும். (அங்கே கடற்படை விமானத்தளமும் இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள்.)

தூரத்து மரத்தை விட, உங்கள் பக்கத்தில் நிற்கும் மரம்தான் அதிகம் கெடுக்கும். கண்ணுக்கு முன் பிடித்த கை ஊரையே மறைக்கிற மாதிரி. அதனால் தோப்பை விட்டு வெளியே வந்து கண்மாய்க் கரையில் ஏறி நில்லுங்கள். இடுக்கு வழியே ட்ரோன் தெரிகிறதே என்றால் போதாது: 1 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 2.4-இல் 5.5 மீட்டர் ஆரம் வரை அலைக்கு வழி வேண்டும். அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்கணும். குச்சி ஆன்டெனா என்றால் நுனியை ட்ரோனுக்கு நேரே நீட்டாதீர்கள், பக்கவாட்டில்தான் வீச்சு அதிகம். சிக்னல் பூஸ்டர் வாங்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம்.

வீடியோவுக்கு டேட்டா நிறைய வேண்டும், அதனால் அதுதான் முதலில் நிற்கும். கட்டுப்பாடு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதுவும் அறுந்தால் பெரும்பாலான ட்ரோன்கள், செட்டிங்கில் உள்ள உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். பனை 30 மீட்டர் வரை வளரும். செட்டிங்கில் திரும்பும் உயரம் 20 என்று இருந்தால் முதலில் 45-க்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.