முதலில் தேதியைப் பாருங்கள்: முதல் உலகப் போர் முடிந்த கதை, கேள்வி பதில்

பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். 1917 முதல் 1923 வரைதான் என் பேட்டை. அதற்குள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். டாங்கி, பீரங்கி ரகங்கள் மட்டும் வேண்டாம், அதில் எனக்குச் சுழி.

ஈரோடு: சார், நவம்பர் 11 அன்று ஜெர்மனி சரணடைந்துவிட்டதே, அப்புறம் ஏழு மாதம் கழித்து வெர்சாயில் எதற்கு இன்னொரு கையெழுத்து?

சரணடையவில்லை. அது போர்நிறுத்தம். போர்நிறுத்தம் வேறு, சரண் வேறு, சமாதான உடன்படிக்கை வேறு. முப்பது வருஷம் வகுப்பில் கத்தியதை இங்கேயும் கத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1918 நவம்பர் 8 காலை, பிரான்சில் கொம்பியேன் காட்டுக்குள் நின்ற ஒரு ரயில் பெட்டிக்கு ஜெர்மன் தூதுக்குழு வந்தது. தலைவர் எர்ட்ஸ்பெர்கர், ஒரு அரசியல்வாதி. எதிரில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ். 72 மணி நேரம் கெடு. ஜெர்மனி 30,000 இயந்திரத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்றது நிபந்தனை. 'அவ்வளவையும் கொடுத்துவிட்டால் எங்கள் ஊரில் கிளம்பியிருக்கும் புரட்சிக்காரர்களை எதை வைத்து அடக்குவது?' என்று ஜெர்மானியர்கள் கேட்டார்கள். எண்ணிக்கை 25,000 ஆகக் குறைந்தது. சற்று முன்புவரை சுட்டுக்கொண்டிருந்த எதிரியிடம் போய், சொந்த ஜனங்களைச் சுடத் துப்பாக்கியை மிச்சம் வையுங்கள் என்று பேரம். அந்தப் பெட்டிக்குள் நடந்ததில் எனக்கு மறக்காதது இதுதான்.

11ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணி தாண்டிக் கையெழுத்து, பகல் 11 மணிக்கு அமல். அதுவும் 36 நாளுக்கு மட்டும். பிறகு மூன்று தடவை நீட்டித்தார்கள். சரணடைந்தவனுக்கு எதற்கு நீட்டிப்பு?

இன்னொன்றையும் கவனியுங்கள். உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று செப்டம்பர் 29 அன்றே அடம்பிடித்தவர் ராணுவத்தை நடத்திய லூடெண்டார்ஃப். கையெழுத்துப் போட நேர்ந்ததோ எர்ட்ஸ்பெர்கருக்கு. ஒரு வருஷம் கழித்து லூடெண்டார்ஃபின் மேலதிகாரி ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன் வந்து, 'ராணுவத்தை முதுகில் குத்திவிட்டார்கள்' என்று சாட்சி சொன்னார். 1921 ஆகஸ்டில் எர்ட்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மதுரை: அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பரில் கொண்டாடுகிறார்கள்?

அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நம் கணக்குக்கு 13 நாள் பின்தங்கிய நாட்காட்டி. அவர்களுக்கு அக்டோபர் 25 என்றால் மற்றவர்களுக்கு நவம்பர் 7. பிப்ரவரிப் புரட்சியும் அப்படியே, நமக்கு அது மார்ச் 8. ஜார் முடிதுறந்தது அந்த மார்ச்சில். அப்போது லெனின் ஸ்விட்சர்லாந்தில் இருந்தார். 'லெனின் ஜாரைக் கவிழ்த்தார்' என்று எழுதுகிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. லெனின் கவிழ்த்தது ஜாருக்குப் பிறகு வந்த இடைக்கால அரசாங்கத்தை.

புதுச்சேரி: பெர்லினில் ஒரே நாளில் இரண்டு குடியரசு அறிவித்தார்களாமே, உண்மையா?

உண்மை. 1918 நவம்பர் 9. கீல் துறைமுகத்து மாலுமிகள் கலகம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், பெல்ஜியத்தில் ஸ்பா நகரில் உட்கார்ந்து விலகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, பிரதமர் மாக்ஸ் இளவரசர் காத்திருந்து பார்த்துவிட்டு, கைசர் முடிதுறந்தார் என்று தாமாகவே அறிவித்துவிட்டார். மதியம் நாடாளுமன்ற உணவகத்தில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் ஷைடமான் நீர்த்த உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது, வந்து பேசுங்கள் என்று இழுத்துப்போனார்கள். ஜன்னலில் நின்று, 'குடியரசு வாழ்க' என்றார். திரும்பி வந்தால் கட்சித் தலைவர் ஏபர்ட் கோபத்தில் சிவந்து மேசையைக் குத்துகிறார்: அதை முடிவு செய்ய உனக்கு என்ன உரிமை? (இந்த சூப்பும் மேசையும் ஷைடமானே பிற்பாடு எழுதிவைத்தவை. கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம்.) மாலையில் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து சோஷலிசக் குடியரசை அறிவித்தார். கைசர் மறுநாள் ஹாலந்துக்குப் போய்விட்டார்.

நாகர்கோவில்: ஆஸ்திரியா-ஹங்கேரியை பாரிஸ் மாநாட்டில் பங்குபோட்டது நியாயமா?

தேதியைப் பாருங்கள். பாரிஸ் மாநாடு கூடியது 1919 ஜனவரி 18. பிராகாவில் செக்கோஸ்லோவாக்கியா அறிவிப்பு 1918 அக்டோபர் 28. மறுநாள் ஸாக்ரெப்பில் தெற்கு ஸ்லாவியர்கள் பிரிந்தார்கள். 31 அன்று புடாபெஸ்டில் புரட்சி. முன்னாள் பிரதமர் டிஸாவை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். நவம்பர் 3இல் இத்தாலியோடு போர்நிறுத்தம் கையெழுத்தாகும்போது, யார் சார்பில் கையெழுத்து என்பதே சிக்கல். மறுநாள் மதியம் 3 மணிக்குத்தான் அமல் என்பது இத்தாலியர்கள் கணக்கு. ஆஸ்திரியத் தலைமை முன்கூட்டியே சண்டையை நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்த இடைவெளியில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் கைதிகளாகப் போனார்கள்.

என் தபால்தலை ஆல்பத்தில் அந்தக் காலத்துத் தலை ஒன்று இருக்கிறது. பேரரசர் கார்லின் முகம், அதன் மேலேயே கறுப்பு மையில் 'ஜெர்மன்-ஆஸ்திரியா' என்று புது நாட்டின் பெயர். புதிதாக அச்சடிக்க நேரமில்லை, பழைய ராஜா தலையில் முத்திரை குத்தி விற்றுவிட்டார்கள். பாரிஸில் உட்கார்ந்தவர்களின் வேலையும் ஏறக்குறைய அதுதான். வீடு இடிந்துவிட்டது, அவர்கள் வேலியை எங்கே நடுவது என்று பார்த்தார்கள். அந்த வேலியில் அநியாயம் உண்டா என்றால், உண்டு. 1920 ஜூன் 4 டிரியனான் உடன்படிக்கையில் பழைய ஹங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ஹங்கேரியர்களே பெரும்பான்மையாக வாழ்ந்த ஊர்களும் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின.

சேலம்: அக்டோபர் புரட்சி நவம்பரில்...

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னேன். 13 நாள்.

கோவை: ஐயா, என்ன சொன்னாலும் வெர்சாய் உடன்படிக்கைதானே ஹிட்லரைப் பெற்றது?

இந்தக் கேள்வி வராமல் போகாது என்று தெரியும். 1919 ஜூனில் உடன்படிக்கை. 1928 மே தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 1930இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. நடுவில் வந்தது 1929 பொருளாதார வீழ்ச்சி. உடன்படிக்கை மட்டும்தான் காரணம் என்றால் அந்த ஒன்பது வருஷம் என்ன செய்துகொண்டிருந்தது?

கோவை மீண்டும்: நஷ்டஈடு கழுத்தை நெரித்ததே. ஃபோஷே 'இது சமாதானமல்ல, இருபது வருடப் போர்நிறுத்தம்' என்றாரே.

1921இல் நஷ்டஈடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள். அதில் நிஜமாக வசூலிக்க நினைத்தது 5,000 கோடி. மிச்சம் பிரெஞ்சு, பிரிட்டிஷ் வாக்காளர்களைச் சமாதானப்படுத்தக் காகிதத்தில் எழுதியது. 1932 லோசான் மாநாட்டில் நஷ்டஈட்டுக்கே முடிவு கட்டிவிட்டார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி. ஃபோஷ் சொன்னதாகச் சொல்லப்படுவதை எல்லாரும் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். உடன்படிக்கை கடுமையாக இருக்கிறது என்று அவர் வருந்தவில்லை. எல்லையை ரைன் நதிக்குத் தள்ளவில்லையே, இவ்வளவு தயவா என்பதுதான் அவர் ஆத்திரம். கடுமை என்றால் என்ன என்று தெரிய 1918 மார்ச் 3 பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்கைப் பாருங்கள். ரஷ்யாவிடமிருந்து போலந்து, பால்டிக் பகுதிகள், உக்ரைன் என்று ஜெர்மனி வழித்தெடுத்தது. வெர்சாயில் ஜெர்மனி இழந்தது சுமார் 13 சதவீத நிலம்.

தஞ்சாவூர் குறுக்கே: ஜெயித்தவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். பட்டினி போட்டதையும் சொல்லுங்கள்.

சரி, இது நியாயமான அடி. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் ஜெர்மனி மீதான கடல் முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. மார்ச் முதல் உணவுக் கப்பல்கள் வந்தன என்றாலும், அந்தக் குளிர்காலத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பேச்சுவார்த்தைக்கு ஜெர்மனியை அழைக்காததும் தப்பு. மே 7 அன்று வரவழைத்துப் புத்தகம்போல அச்சடித்த நிபந்தனைகளைக் கையில் கொடுத்தார்கள். ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் பதில் பேசும்போது எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தே பேசினார். அதைத் திமிர் என்றார்கள். எனக்கு அந்த நாற்காலியைப் பற்றிக் கோபமில்லை.

கோவை மூன்றாம் முறை: அப்படியானால் ஒத்துக்கொள்கிறீர்கள்.

இல்லை. தப்பான உடன்படிக்கை என்பது ஒன்று, ஹிட்லரைப் பெற்ற உடன்படிக்கை என்பது இன்னொன்று. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் தம்பி.

திருச்சி: அமெரிக்க ஜனாதிபதி வில்சனின் 14 அம்சங்களைப் பட்டியலிடவும், ஐந்து மதிப்பெண்.

பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் சொந்த நாட்டு செனட்டே உடன்படிக்கையை இரண்டு தடவை நிராகரித்தது என்பதையும் சேர்த்து எழுதினால் கூடுதலாக அரை மதிப்பெண் கிடைக்கலாம்.

சென்னை: இந்தியா வெர்சாயில் கையெழுத்திட்டதா?

இட்டது. பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவும் பிக்கானிர் மகாராஜா கங்கா சிங்கும். ஜூன் 28 அன்று. அதற்கு 76 நாள் முன்புதான் ஜாலியன்வாலா பாக்.

கரூர்: அக்டோபர் புரட்சி...

13.

வேலூர் பக்கத்துக் கிராமம்: ஐயா, எங்கள் ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறது. 1918 என்றல்லவா இருக்க வேண்டும்? தப்பாகச் செதுக்கிவிட்டார்களா?

தப்பே இல்லை. சண்டை நின்றது 1918 நவம்பர், ஜெர்மனியோடு சமாதானம் 1919 ஜூன். இந்தியா முழுக்க அந்தக் கல்வெட்டுகளில் பலவற்றில் 1919தான் இருக்கும். நான் காலையிலிருந்து கத்துவதை அந்தக் கல் நூறு வருஷமாகச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே எத்தனை பேர் திரும்பவில்லை என்றும் ஒரு எண் இருக்கும், பாருங்கள். அவர்களின் பெயர் வேண்டுமானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்திருந்தால் பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் கீழ் முதலில் தேடுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, சாயங்கால வெயிலில் படம் எடுத்து அனுப்புங்கள்.