தூரக்கடல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுறாக்கள் கூட்டமாக வரும் கோகோஸ் தீவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் போன வருடம்தான் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இதுவரை 14 டைவ். எல்லாமே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், அலையில்லாத இடங்களில். எங்கே இறங்கினாலும் கூட்டம். மீனைவிட மனிதக் கால்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். யாரும் எளிதில் போகாத கடல்களுக்குப் போக ஆசை. கோகோஸ், ராஜா அம்பாட், பிகினி பவளத்தீவு என்று பட்டியல் போட்டிருக்கிறேன். முதலில் கோகோஸ் போகலாமா? நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

மனிதக் கால்கள் என்றதும் சிரித்துவிட்டேன். எனக்கும் ஆரம்பத்தில் அதே தரிசனம்தான்.

உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் சுறாவுக்குப் பயந்து சொல்கிறார்கள் என்றால் காரணம் தப்பு. கோகோஸ், பசிபிக் கடலில், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் கரையிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர். விமானம் இறங்க இடமில்லை, விடுதி கிடையாது, தேசியப் பூங்காவின் காவலர்கள் மட்டும்தான். படகிலேயே தங்கவேண்டும். போய்ச்சேர 36 மணி நேரம் ஆகும். போகும்போது அது சாகசம். அவசரப்பட்டு மேலே வந்து, உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிவிட்டது என்று வையுங்கள். படகில் ஆக்சிஜன் தருவார்கள். ஆனால் மறுபடி அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை செய்யும் அறை கரையில்தான் இருக்கிறது. அதே 36 மணி நேரம், இப்போது திரும்பும் திசையில். ஒரு டைவ் தளம் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், அந்த அறையிலிருந்து எத்தனை மணி நேரம் என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

இன்னொன்று, அங்கே போய் சும்மா இருக்கத் தெரியவேண்டும். சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்கள் அங்கே வருவது நமக்காக அல்ல, மேனி சுத்தம் செய்துகொள்ள. இருபத்தைந்து மீட்டருக்குக் கீழே கொட்டலசு அப்பிய பாறையைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். தலையைத் திருப்பினால் நீரோட்டம் முகக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கும். உள்ளங்கை அளவு மஞ்சள் மீன்கள் காத்திருக்கும். சாம்பல் நீரிலிருந்து ஒரு சுறா பிரிந்து வந்து, வேகம் தணிந்து, லேசாகச் சாயும். மீன்கள் போய் அதன் தோலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தும். நாம் விடும் மூச்சுக் குமிழிகளின் சத்தமே அதை விரட்டப் போதும். முதல்முறை போனபோது நான் கேமராவோடு பாறையை விட்டு இரண்டு அடி முன்னால் நகர்ந்தேன். சுறா போய்விட்டது, பின்னால் வந்துகொண்டிருந்தவையும் திரும்பிவிட்டன. அன்று இரவு படகில் யாரும் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

பிகினியை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய இடம். அதில் மூழ்கிய சரடோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் அடிப்பகுதி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவின் எல்லையே 40 மீட்டர். அதைத் தாண்டிப் போகத் தனிப் பயிற்சியே வேண்டும்.

ராஜா அம்பாட்டுக்குப் போங்கள். இந்தோனேசியாவின் சோரோங் வரை விமானம், அங்கிருந்து படகு. கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம், நாட்களை நீட்டிக்கலாம். அங்கே கேப் க்ரி என்ற ஒரே இடத்தில், ஒரே டைவில் 374 வகை மீன்களை ஒரு மீனியலாளர் எண்ணியிருக்கிறார். நீரோட்டம் அங்கேயும் முரட்டுத்தனமானதுதான். ஆனால் ஒதுங்கிய விரிகுடாக்களும் உண்டு, வழிகாட்டியிடம் உங்கள் 14-ஐ மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே ஐந்து மீட்டரில், எதையும் பிடிக்காமல், ஏறாமலும் இறங்காமலும் மூன்று நிமிடம் நின்றபடி காற்றடைத்த மிதவைக் குழாயை மேலே அனுப்பிப் பழகுங்கள். திறந்த கடலில் நீரோட்டம் அடித்துப்போனால் படகுக்காரருக்குத் தெரிவது உங்கள் தலை அல்ல, அந்த ஆரஞ்சுக் குழாய்தான்.

கோகோஸ் அதற்குப் பிறகு. ஜூன் முதல் நவம்பர் வரையான மழைக்காலத்தில் போங்கள். கடல் குலுக்கி எடுக்கும், ஆனால் கொம்பன்கள் பெருங்கூட்டமாக வருவது அப்போதுதான். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.