சூளகிரி மாந்தோப்பு: பதில்

அண்ணா, உங்கள் சூளகிரி மாந்தோப்பை ‘ராணுவத்துக்கு எடுக்கப் போகிறார்கள், காசு வராது, இப்போதே விற்றுவிடு’ என்று புரோக்கர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு போன்ற அவசரத் தேவைகளில், அரசுக்குப் பெரிய அதிகாரம் தருகிறது, உண்மைதான்: நோட்டீஸ் வெளியாகி 30 நாளில் நிலத்தை எடுக்கலாம். ஆனால் தேவையான குறைந்தபட்சப் பரப்பு மட்டும்தான். அதுவும் கலெக்டர் மதிப்பிட்ட இழப்பீட்டில் 80 சதவீதத்தை முதலில் கொடுக்க முன்வந்த பிறகே. அவசரத்துக்கான 75 சதவீதக் கூடுதல் தொகை மட்டும் நாட்டுப் பாதுகாப்புத் திட்டங்களுக்குக் கட்டாயமில்லை. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

பக்கத்து ஓசூர், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருப்பதால் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கலாம். தொழிற்பேட்டைக்கு எடுப்பது வேறு சங்கதி, அதற்கு 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் தாலுகா ஆபீஸில் நோட்டீஸ் ஏதும் உண்டா என்று கேளுங்கள். வந்தால் மாமரம், கிணறு எல்லாவற்றையும் மதிப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.