மாட்டு டாக்டருக்கும் நோபல் உண்டு

கால்நடை ஆராய்ச்சி, காடு பாதுகாப்பு, இந்த ரெண்டு துறையிலயும் விருது யாருக்குப் போகுது, யாருக்குப் போகலன்னு இந்தத் தடவை நிறைய கேள்வி வந்திருக்கு. எல்லாத்துக்கும் இடமில்ல, சிலது மட்டும்.

நோபல் பரிசுல பிசிக்ஸ் இருக்கு, கெமிஸ்ட்ரி இருக்கு. ஆடு மாடு ஆராய்ச்சிக்கும் காட்டுக்கும் ஏன் எதுவுமே இல்ல? (ஒரு வாசகர்)

நோபல் 1895ல உயில் எழுதும்போது அஞ்சு துறைதான் போட்டாரு, அவ்ளோதான், அவருக்கு மாடு மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா கதவு முழுசா மூடியும் இல்ல. 1996ல மருத்துவ நோபல் வாங்கின ஆஸ்திரேலியாக்காரர் பீட்டர் டோஹர்ட்டி படிச்சது கால்நடை மருத்துவம். நோபல் வாங்கின முதல் வெட்னரி டாக்டர் அவர்தான். வைரஸ் புகுந்த செல் எதுன்னு நம்ம உடம்போட காவல் செல் எப்படி அடையாளம் பார்க்குதுங்கறதை அவரும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலியை வச்சு கண்டுபிடிச்சாங்க.

இது இல்லாம விவசாயத்துக்குன்னே வுல்ஃப் பரிசு 1978லருந்து குடுக்கறாங்க. 1979ல அது ஜே லஷ், கென்னத் பிளாக்ஸ்டர்னு ரெண்டு கால்நடை ஆளுங்களுக்கே போச்சு. இதுல லஷ் யாருன்னா, காளையோட நெறம் நடை வாட்டசாட்டம் பார்த்து இனவிருத்திக்கு எடுத்துட்டு இருந்த காலத்துல, அழகை விடுங்கப்பா, அதோட கன்னுங்க எவ்ளோ பால் குடுக்குதுன்னு கணக்கு எடுங்கன்னு சொன்னவர். இன்னைக்கு சினை ஊசிக்கு செமன் ஸ்ட்ரா (காளை விந்து அடைச்ச குழாய்) வாங்கறப்ப காளைக்கு நம்பர் போட்டுத் தர்றாங்களே, அந்தக் கணக்கோட ஆதி அங்கதான் இருக்கு.

ரெண்டு துறையிலயும் கால் வச்ச ஒரே ஆளு யாராவது உண்டா? (கல்லூரி மாணவி)

உண்டும்மா, உங்களுக்குப் பேரும் தெரிஞ்சிருக்கும், ஆனா பாதிக் கதைதான் தெரிஞ்சிருக்கும். கென்யாவோட வங்காரி மாத்தாய். மரம் நட்டவங்க, 2004ல அமைதிக்கான நோபல் வாங்கினவங்க, அதுவரை எல்லாரும் சொல்லுவாங்க. அவங்க 1971ல நைரோபி பல்கலைக்கழகத்துல டாக்டரேட் வாங்கினது கால்நடை உடற்கூறியல்ல! அப்புறம் ஈஸ்ட் கோஸ்ட் ஃபீவர்னு மாட்டைக் கொல்ற ஒரு காய்ச்சல், அதைப் பரப்பற உண்ணி பத்தி ஆராய்ச்சி. நைரோபிக்கு வெளிய கிராமம் கிராமமா போயி மாட்டுக் காதுலருந்து உண்ணி பொறுக்கிட்டு இருந்தப்பதான் கவனிச்சிருக்காங்க, மாடெல்லாம் விலா எலும்பு தெரிய நிக்குது, புல்லு இல்ல, ஆத்துல தண்ணி செம்மண்ணா ஓடுது, மரத்தையெல்லாம் வெட்டிட்டதால மண்ணு கரைஞ்சு போகுது. உண்ணியை விடப் பெரிய பிரச்சனை இதுதான்னு மைக்ரோஸ்கோப்ப விட்டுட்டு மண்வெட்டிய எடுத்தாங்க. (விட்டுட்டாங்கன்னு நான் சும்மா சொல்றேன், அதுக்கப்புறமும் யுனிவர்சிட்டில பாடம் நடத்திட்டுதான் இருந்தாங்க.)

1977ல கிரீன் பெல்ட் இயக்கம் ஆரம்பிச்சாங்க. கிராமத்துப் பொம்பளைங்களே நாத்து வளர்க்கணும், நட்டது பொழைச்சா ஒரு சின்னத் தொகை. கவனிங்க, நட்டதுக்கு இல்ல, பொழைச்சதுக்கு. இந்த ஒரு விதியைப் பிடிச்சா மரம் நடு விழா பாதி காணாமப் போயிரும். மரம் வளர்க்க படிச்ச ஆளுங்க வேணும்னு வனத்துறை அதிகாரிங்க சிரிச்சப்போ, இவங்க அந்தப் பொம்பளைங்களை பட்டம் வாங்காத வன அதிகாரிங்கன்னே கூப்பிட்டாங்க. நோபல் வந்தப்ப 3 கோடி மரத்துக்கு மேல நட்டிருந்தாங்க. அவார்டு விஷயத்துக்கு வந்தா, 1984ல ரைட் லைவ்லிஹூட், 1991ல சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன், கடைசியா 2004ல நோபல். வெளியூர்ல மாலை போட்டுட்டு இருந்த அதே காலத்துல சொந்த அரசாங்கம் அவங்களை ஜெயில்ல போட்டுச்சு, போலீஸ் அடிச்சுச்சு. அதையும் சேர்த்துதான் படிக்கணும்.

பரிசு ஒருத்தருக்கு, உழைப்பு நூறு பேருக்கு. இது நியாயமா சார்? (கால்நடை ஆய்வாளர், ஓய்வு)

நியாயம் இல்ல சார். உங்களுக்குத் தெரிஞ்ச உதாரணமே சொல்றேன், மாட்டைக் கொல்ற வெக்கை நோய், அதான் ரிண்டர்பெஸ்ட். வால்டர் பிளவ்ரைட் கென்யாவுல முகுகாங்கற இடத்துல உக்காந்து செல் கல்ச்சர்ல (ஆய்வகத்துல வளர்த்த செல்லுல) ஒரு தடுப்பூசி பண்ணாரு, ஒரு ஊசி போட்டா ஆயுசுக்கும் போதும். அதுக்காக 1999ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா அந்த மருந்தை ஐஸ்லயே வச்சிருக்கணும், ரோடு இல்லாத கரண்ட் இல்லாத மேய்ச்சல் காட்டுக்கு எப்படிக் கொண்டு போறது? ஜெஃப்ரி மரைனர் அதே மருந்தை வெயில் தாங்கற மாதிரி மாத்தினாரு, ஒரு மாசம் வரைக்கும் ஃபிரிட்ஜ் இல்லாம கெடாது. அதைத் தோள்ல போட்டுட்டு நடந்தது யாரு, மாடு மேய்க்கறவங்கள்லயே ட்ரெயினிங் எடுத்தவங்க, தெற்கு சூடான், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம்லாம். டவுன்லருந்து வண்டில போன டாக்டர விட மாடு எங்க நிக்குது எந்த மாட்டுக்குச் சுரம்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சுச்சு. கடைசியா நோய் வந்தது 2001, ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது 2011, பெரியம்மைக்கு அடுத்து உலகத்துலருந்தே துடைச்ச ரெண்டாவது நோய்.

பிளவ்ரைட் 2010லயே போயிட்டாரு. அறிவிப்பைக் கேக்கல. நடந்து போன அந்த ஆளுங்க பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல.

மாடுதான் காட்டை அழிக்குதுங்கறாங்க, அப்புறம் ரெண்டு துறைக்கும் ஒரே மேடையில பரிசு எப்படிக் குடுக்கறது? (இன்னொரு வாசகர்)

நல்ல குசும்பு. அமேசான்ல காடு போனதுக்கு முதல் காரணம் மேய்ச்சல் நிலம்தான், அதை மறைக்க முடியாது. ஆனா ரெண்டு பேரும் தனித்தனி மேடையில உக்காந்து ஒருத்தர ஒருத்தர் திட்டிட்டு இருந்தா காடும் மிஞ்சாது மாடும் மிஞ்சாது. கொலம்பியாவுல மேய்ச்சல் நிலத்துக்குள்ளயே சூபாபுல்ங்கற தீவன மரத்தை நெருக்கமா வச்சு, மேல நிழல் மரம் விட்டு மாடு வளர்க்கறாங்க, அதே நிலத்துல அதிக மாடு தாங்குது, அப்போ புதுசா காட்டை வெட்ட வேண்டிய அவசியம் கொறையுது. தானா கொறையாது, சட்டமும் கூட நிக்கணும்.

காடு ஆராய்ச்சிக்கு ரிசல்ட் வரவே 30 வருஷம்னா எந்த தைரியத்துல இளம் ஆராய்ச்சியாளர் விருது குடுக்கறாங்க? பேப்பர் எண்ணியா? (பிஎச்டி மாணவர்)

பெரும்பாலும் எண்ணித்தான் தம்பி. எச் இண்டெக்ஸ்னு, ஒருத்தர் எத்தனை பேப்பர் எழுதினாரு, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு பார்த்து நம்பர் போடறது, 2005ல ஒரு பிசிக்ஸ்காரர் கொண்டு வந்த கணக்கு, அதை எடுத்து மாட்டுக்கும் மரத்துக்கும் போட்டுட்டாங்க. பனாமாவுல பாரோ கொலராடோ தீவுல 1980ல 50 ஹெக்டேர் காட்டைக் குறிச்சு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கற ஒவ்வொரு தண்டுக்கும், 2 லட்சத்துக்கு மேல, நம்பர் அடிச்சு அளந்தாங்க. ஏறக்குறைய அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அளக்கறாங்க. அதுல டேப் பிடிச்சவனுக்கு என்ன இண்டெக்ஸ்? டேட்டா சேகரிச்சவங்களுக்குத் தனி விருது வேணும்னு நான் சொல்லுவேன், நாப்பது வருஷம் கழிச்சு வேற யாரோ எழுதப் போற பேப்பருக்கு இப்பவே அட்வான்ஸ் மாதிரி.

விருது வாங்கினா பாதுகாப்பு கிடைக்குமா?

இல்ல. பிரேசில்ல அமேசான் காட்டுக்காகப் போராடின ரப்பர் தொழிலாளி சிக்கோ மென்டிஸ் 1987ல ஐநாவோட குளோபல் 500 விருது வாங்கினாரு, 1988 டிசம்பர்ல சுட்டுட்டாங்க. மெக்சிகோவுல காட்டுக்காகப் போராடின இசிட்ரோ பால்டெனேக்ரோ 2005ல கோல்ட்மேன் வாங்கினாரு, 2017 ஜனவரில சுட்டுட்டாங்க.

பணம், ஷீல்டு, சால்வை இல்லாம வேற எப்படி கௌரவிக்கலாம்?

மேல சொன்ன சூபாபுல்ல ஒரு வில்லங்கம் உண்டு, அதுல மிமோசின்னு ஒரு விஷம், அதிகமா தின்னா மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்துல கழலை வரும். ஆஸ்திரேலியாவுல மாடு படுத்துடுச்சு, ஆனா ஹவாய் ஆடு அதையே தின்னுட்டு ஜம்முனு இருந்துச்சு. ரேமண்ட் ஜோன்ஸ்ங்கறவர் அந்த ஆட்டோட வயித்துல இருக்கற ஏதோ நுண்ணுயிர்தான் விஷத்தை முறிக்குதுன்னு பிடிச்சு, அதைக் கொண்டு வந்து ஆஸ்திரேலியா மாட்டு வயித்துக்குள்ள விட்டாரு, வேலை செஞ்சுச்சு. 1992ல அந்த பாக்டீரியாவுக்குப் பேர் வச்சப்போ சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சினு வச்சாங்க. மாடு அசை போடும்போதெல்லாம் உள்ள ஜோன்ஸ் பேர்ல ஒண்ணு வேலை பார்த்துட்டு இருக்கு.