கலப்புப் பொருளாதாரத்தைக் காசிமேட்டிலிருந்தே தொடங்குங்கள்

வணக்கம் சகோதரி. சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் பத்தாவது படிக்கும் உங்கள் மகள் முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம் மூன்றையும் வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள், ஒரு கேள்வி மாற்றிக் கேட்டால் முழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. வேறுபாடு எழுதும் அட்டவணையாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆகும்.

விடியற்காலையில் அவளை மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வஞ்சிரத்தின் விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. வரத்தும் கேட்பவர்களும்தான் நிர்ணயிக்கிறார்கள். அது சந்தை. ஆனால் அதே விசைப்படகுக்கு வரிவிலக்கு டீசல் தருவது அரசு, மீன்பிடித் தடைக்காலத்தை அறிவிப்பதும் அரசு. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில் படகுக்காரருக்கு எவ்வளவு, கடலுக்குப் போனவர்களுக்கு எவ்வளவு என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். மூலதனம், உழைப்பு என்ற சொற்கள் அப்போதுதான் உயிர்பெறும்.

அப்புறம் துறைமுகங்கள். பக்கத்திலிருக்கும் சென்னைத் துறைமுகம் மத்திய அரசுடையது, வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியாருடையது. இப்படிச் சந்தையும் அரசும், தனியாரும் பொதுத்துறையும் சேர்ந்தே இருப்பதுதான் கலப்புப் பொருளாதாரம்.

தொழிற்சங்கம் பற்றிய பாடத்துக்குப் பெரம்பூரே போதும். பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-ல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முன்னோடிச் சங்கங்களில் ஒன்று. 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் நம் சென்னைக் கடற்கரையில்தான். பாடப்புத்தகத்தில் இவை ஓரிரு வரியில் முடிந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேர்வு பற்றிப் பயம் வேண்டாம். புத்தக வரையறையை முதலில் எழுதிவிட்டு, இந்த எடுத்துக்காட்டுகளை அதன் கீழே சேர்க்கச் சொல்லுங்கள்.