காட்டுப் பழங்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்மையிலேயே அதிகமா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் எல்லாப் பழத்துக்கும் இது பொருந்தாது. (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.) தோட்டப் பழங்களை இனிப்பும் பருமனும் பார்த்தே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறோம். காட்டுப் பழம் சிறியது. எடையோடு ஒப்பிட்டால் தோல் அதிகம். அந்தோசயனின் என்ற நிறமி போன்ற பாலிஃபீனால்கள், அதாவது தாவரங்களில் இருக்கும் ஒருவகை ஆன்டிஆக்ஸிடன்ட்கள், தோலில்தான் செறிந்திருக்கும். வாயை உலர்த்தும் அந்தத் துவர்ப்பு டானின் என்ற இன்னொரு பாலிஃபீனாலின் வேலை.

ஐரோப்பியக் காடுகளில் விளையும் பில்பெர்ரியை நசுக்கினால் விரலெல்லாம் கருநீலமாகிவிடும். சதைக்குள்ளேயும் நிறமி இருக்கிறது. தோட்டத்து ப்ளூபெர்ரியை வெட்டிப் பாருங்கள், உள்ளே வெளிர்பச்சைதான். வைட்டமின் சி என்றால் ஆஸ்திரேலியாவின் ககாடு பிளம். 100 கிராமில் 2,000 மில்லிகிராமைத் தாண்டுவதுண்டு. ஆரஞ்சில் சுமார் 50 தான்.

சரி, இதனால் நோயெல்லாம் ஓடிவிடுமா? அங்கேதான் விளம்பரங்கள் கதை அளக்கின்றன. சோதனைக் குழாயில் வரும் எண் உடம்புக்குள் அப்படியே நடக்காது. பாலிஃபீனாலில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்வதே இல்லை. உணவுகளின் 'ஓராக்' (சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்) மதிப்புப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் இதனால்தான் நீக்கியது. நார்ச்சத்துக்கும் வைட்டமினுக்கும் தாராளமாகச் சாப்பிடலாம். ஜாமாகக் காய்ச்சினால் வைட்டமின் சி கணிசமாகக் குறையும். அப்புறம், இன்ன பழம் என்று உறுதியாகத் தெரியாததை வாயில் வைக்காதீர்கள்.