வேதாகமத்தின் ஓரங்களில் எழுதலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேதாகமத்தில் கோடிடுவதும் ஓரங்களில் எழுதுவதும் படம் வரைவதும் பரிசுத்த நூலை அவமதிப்பதாகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கருதுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்திலுள்ள எச்சரிப்பையும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

பதில்: அவர்களுடைய பயபக்தியைக் குறைவாக எண்ணாதீர்கள், அது மதிக்கத்தக்கது. ஆனால் அந்த எச்சரிப்பு, தீர்க்கதரிசன வார்த்தைகளோடு தன் வார்த்தையைச் சேர்த்து அதையும் வேதமாக்குகிறவனுக்கு உரியது. வாசிக்கிறவர் தாம் கற்றதைத் தம் கையெழுத்தில், மூலத்திலிருந்து வேறாகத் தெரியும்படி ஓரத்தில் குறித்துக்கொள்வதற்கு உரியதல்ல. உபாகமம் 17ஆம் அதிகாரத்தில், சிங்காசனத்தில் அமரும் ராஜா நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்காக எழுதிக்கொண்டு, தன் வாழ்நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்டிருக்கிறது. கையால் எழுதுவதும் வேதத்தோடு வாழ்வதும் அங்கே ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

நாம் இன்று மூலத்தின் பகுதிபோலவே எண்ணும் பலவும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட வாசிப்புத் துணைகளே. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவற்றை ஒட்டியவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. ஏறத்தாழ 700ஆம் ஆண்டைச் சேர்ந்த லிண்டிஸ்பார்ன் சுவிசேஷங்கள் என்னும் லத்தீன் கையெழுத்துப் பிரதி முழுக்க அழகிய வண்ண வேலைப்பாடு உண்டு. 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு அதன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்கள் வைத்துத் தைத்த ஒரு வேதாகமத்தை 1730இல் பெற்று, 1758இல் மரிக்கும் வரை அதில் 5,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். எனவே இது நேற்று முளைத்த வழக்கமல்ல. இருப்பினும், குடும்ப ஜெபத்தில் எல்லோரும் வாசிக்கும் வேதாகமத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுதுவதற்கென்று உங்களுக்குச் சொந்தமான ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மனமும் நோகாது.

கேள்வி: ஜெல் பேனாவால் எழுதினேன், மை மறுபக்கம் ஊறி அங்குள்ள வசனங்களையே கெடுத்துவிட்டது. எந்தப் பேனாவைப் பயன்படுத்தலாம்? வண்ணம் தீட்ட வழியுண்டா?

பதில்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒரே கட்டுக்குள் அடக்குவதற்காக, வேதாகமங்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 28 முதல் 40 கிராம் வரை எடையுள்ள மெல்லிய தாளில் அச்சிடப்படுகின்றன, நாம் வழக்கமாக அச்செடுக்கும் தாளின் எடை 70 முதல் 80 கிராம். இந்தத் தாளில் இரண்டு வகைத் தொல்லைகள் நேரும். மை நார்களுக்குள் இறங்கி மறுபக்கம் வெளிவருவது ஒன்று. மை ஊறாவிட்டாலும் எழுத்து மறுபக்கத்தில் நிழலாகத் தெரிவது மற்றொன்று. முதலாவதைத் தவிர்க்கலாம். இரண்டாவதைக் குறைக்கத்தான் முடியும்.

சாய மை திரவத்தில் முழுவதும் கரைந்திருப்பதால் திரவம் போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. பிக்மென்ட் மையிலோ நிறம் நுண்துகள்களாக இருப்பதால் பெரும்பாலும் தாளின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் 0.2 அல்லது 0.25 மில்லிமீட்டர் முனையுள்ள பிக்மென்ட் மைப் பேனாவே ஏற்றது. எழுதியபின் மை காயும் வரை பக்கத்தை மூட வேண்டாம். பால்பாயிண்ட் பேனாவின் மை அவ்வளவாக ஊறாது, ஆனால் அதன் முனையை அழுத்தி எழுதும்போது அடுத்த பக்கங்களிலும் பள்ளம் விழும். புதிய பேனாவைச் சோதிக்கும்போது பலர் கடைசியிலுள்ள வரைபடப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் தடித்த தாளில் இருப்பதால் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். வசனங்கள் அச்சாகியுள்ள அதே தாளில், பின்பகுதியிலுள்ள சொல்லடைவின் (சொற்கள் வரும் வசனங்களைக் காட்டும் அகரவரிசைப் பட்டியலின்) ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

வண்ணத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சாதாரண வண்ணப் பென்சில்தான். பக்கத்துக்கு அடியில் ஓர் அட்டையை வைத்து, அழுத்தாமல், பென்சிலைச் சாய்த்துத் தீட்டினால் மறுபக்கம் பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கும். திரவ ஹைலைட்டரைத் தவிர்த்து, மெழுகுபோன்ற குச்சி ஹைலைட்டரைப் பயன்படுத்துங்கள். நீர்வண்ணம் பட்டால் மெல்லிய தாள் சுருங்கி அலையலையாகிவிடும். அதைத் தடுக்கச் சிலர் ஓவியர்கள் அடிப்பூச்சாகப் பயன்படுத்தும் கெஸ்ஸோவின் நிறமற்ற வகையை மெல்லிய பூச்சாகப் பூசி, நன்கு உலர்ந்தபின் தீட்டுகிறார்கள். அவ்வாறு பூசிய ஒவ்வொரு பக்கமும் விறைத்துப் பருமனாவதால் சில பக்கங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இந்த வேலையில் அதிக ஆர்வமுள்ளவர்களுக்கென்றே, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகல ஓரமும் சற்றே தடித்த தாளும் உள்ள பதிப்புகள் கிடைக்கின்றன. எப்படித் தீட்டினாலும், வசனத்தின்மேல் அதை வாசிக்க முடியாதபடி வண்ணம் பூசுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அலங்காரம் வாசிப்பைத் தடுக்கும் இடத்தில் வேதாகமம் வெறும் ஓவியத் தாளாகிவிடுகிறது.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கோடிட்டுக் கோடிட்டு, இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எல்லாமே வண்ணமாக இருக்கிறது; எது முக்கியம் என்றே தெரியவில்லை. சரியான முறை ஏதேனும் உண்டா?

பதில்: மனதைத் தொட்ட வசனத்துக்கெல்லாம் வண்ணமிட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். வண்ணத்தைப் பரிசாக வழங்காமல் ஒரு கேள்விக்கான விடையாகப் பயன்படுத்துங்கள். பிலிப்பியர் நிருபத்தை எடுத்துக்கொள்வோம். 4 அதிகாரங்கள், 104 வசனங்கள்தான். முழுவதையும் ஒரே அமர்வில் வாசித்து, சந்தோஷத்தைக் குறிக்கும் சொற்களுக்கெல்லாம் ஒரு நிறத்தையும், பவுலின் கட்டுகள், உபத்திரவம், குறைச்சல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கெல்லாம் வேறொரு நிறத்தையும் இடுங்கள். இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைப் பார்க்கும்போது, இந்தச் சந்தோஷம் காவலில் இருந்த ஒரு மனிதன் எழுதியது என்ற உண்மை எந்த விளக்கவுரையும் இல்லாமலேயே உங்களுக்கு உறைக்கும். அவ்வாறே நியாயாதிபதிகள் புத்தகத்தில், அந்நாட்களில் இஸ்ரவேலிலே ராஜா இல்லை என்ற வாக்கியம் 17:6, 18:1, 19:1, 21:25 ஆகிய நான்கு இடங்களில் வருகிறது. அந்த நான்கையும் மட்டும் குறித்துவிட்டு இடையிலுள்ள கொடிய சம்பவங்களை வாசித்தால், ஆசிரியர் அவற்றை எந்தக் கண்ணோட்டத்தோடு சொல்கிறார் என்பது விளங்கும்.

நான்கைந்து நிறங்களுக்குமேல் வேண்டாம். எந்த நிறம் எதற்கு என்பதை முன்பக்க வெற்றுத்தாளில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் சில மாதங்களிலேயே மறந்துபோகும். ஓரக் குறிப்பை முதலில் பென்சிலால் எழுதி, மறுமுறை வாசிக்கும்போதும் அது சரியென்று தோன்றினால் மட்டும் மையால் எழுதுங்கள்.

கேள்வி: எனக்குப் படம் வரைய வராது. அழகாக அலங்கரிக்கப்பட்ட பிரதிகளைப் பார்க்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

பதில்: ஏங்க வேண்டாம். ஒரு வசனத்தை நிதானமாக, நல்ல கையெழுத்தில் ஓரத்தில் எழுதுவதே போதுமான அலங்காரம். விருப்பமிருந்தால் மெல்லிய தாளில் உள்ள படத்தை அடியில் வைத்து, வேதாகமத் தாளின் மெல்லிய தன்மையைப் பயன்படுத்தி அதன்மேலேயே வரைந்துகொள்ளலாம்.

கேள்வி: புத்தகப் பெயர்ச் சீட்டுகள், அச்சிட்ட விளக்கத் தாள்கள், ஸ்டிக்கர்கள் ஆகியவற்றை ஒட்டி என் வேதாகமம் மூட முடியாதபடி உப்பிவிட்டது. எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: 66 புத்தகங்களுக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டுவது புதிதாக வாசிப்பவருக்கு மெய்யாகவே உதவும், சிறிய தீர்க்கதரிசன புத்தகங்களைத் தேடித் திணறுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும். ராஜாக்களின் கால அட்டவணை, பவுலின் பயண வரைபடம் போன்றவற்றை முன்னும் பின்னும் உள்ள வெற்றுத்தாள்களில் ஒட்டலாம். மற்ற நீண்ட விளக்கங்களைத் தனிக் குறிப்பேட்டுக்கு மாற்றி, அந்தக் குறிப்பேட்டின் பக்க எண்ணை மட்டும் வசனத்தின் அருகே எழுதுங்கள். உப்பிய புத்தகத்தை மூட மூட அதன் முதுகுத் தையல் விட்டுப்போகும்.

கேள்வி: மறைந்த என் பாட்டியின் வேதாகமம் என்னிடம் வந்திருக்கிறது. ஓரமெங்கும் அவருடைய குறிப்புகள். நானும் அதில் தொடர்ந்து எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் குறிப்புள்ள எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். கிழிந்த இடங்களில் சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளையும் கறைப்படுத்தும். உள்ளே குண்டூசியோ உலோகக் கிளிப்போ இருந்தால் துருப்பிடிக்கும் முன்னே எடுத்துவிடுங்கள். உலர்ந்த பூக்களும் கறை விடும், ஆதலால் அவற்றைத் தனி உறையில் வைத்து எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதை அதன்மேல் எழுதுங்கள். பிறகு உங்கள் சொந்த வேதாகமத்தில், பாட்டியின் குறிப்புகளில் உங்களுக்கு உதவியவற்றை ஒரு தனி நிறத்தில் அதே வசனங்களின் அருகே எடுத்தெழுதி, ஒவ்வொன்றின்கீழும் அவருடைய பெயரின் முதலெழுத்தை இடுங்கள். அவர் தேதி குறித்திருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். எந்தத் துக்கத்திலோ நன்றியிலோ அவர் அந்த வசனத்தைத் திறந்தார் என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களிடம் கேட்டறிய அந்தத் தேதியே உங்களுக்குத் துணையாகும்.